சாலையோரப் புல்வெளி

"என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துரு அண்ணே."

காலைச் சாப்பாட்டின் நடுவில், மூன்று பேரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தபோது, மரக்கரண்டியைக் கீழே வைக்காமலே ரோசாந்தா இதைச் சொன்னாள். உருளைக்கிழங்கும் சோளமாவும் சேர்த்து, பாலாடையை உருக்கி ஊற்றி, அம்மா ஸ்தானா தோள் நோகக் கிண்டிய களி. ஒப்ராத்தின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, நன்றாக எரிந்துகொண்டிருந்த விறகையே இன்னும் உள்ளே தள்ளினாள்.

ஒப்ராத் முதலில் சிரித்தான்.

"எந்தப் பங்கு? சட்டியிலயா? எடுத்துக்கோ. உன் பக்கம்தான் பாலாடை மிதக்குது."

"நிலத்துல. நீ, அம்மா, நான். மூணுல ஒண்ணு. மேட்டுக்காடு வேண்டாம், ஆடு வேண்டாம், மேல இருக்கற குடிசையும் நீயே வச்சுக்கோ. சாலையோரப் புல்வெளி மட்டும் எனக்கு."

"நாளைக்கு ஷாப்ல்யாக் போறோம்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும். அதான் இன்னிக்குச் சொல்றேன்."

சிரிப்பு அவன் முகத்தை விட்டு இறங்கியது. அம்மா திரும்பாமலே சொன்னாள்: "வெட்டுன புல்லு காஞ்சு கிடக்கு. மலைப் பக்கம் மேகம் ஏறுது. ரெண்டு பேரும் எந்திரிங்க."

சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லி வளர்த்தது அது ஒன்றுதான். அண்ணனிடம் என்ன வேண்டுமானாலும் கேள். கன்று கேள், கம்பளி கேள், ஒரு குளிர்காலத்துக்கு விறகு கேள். அவன் இல்லையென்றால் அழு. அழுதால் கொடுப்பான். ஆனால் பங்கு என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதே. எடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு கிடையாது.

எங்கள் மேட்டில் அப்பன் செத்த ஆறு மாதத்துக்குள் பெண்கள் ஷாப்ல்யாக் நகரத்துக்குப் போய்த் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்கிறது. சட்டத்தை யாரும் மறுப்பதில்லை. மறுக்க முடியாததால்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். பத்திர அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: உங்கள் சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறீர்களா? ஆமாம், என் சொந்த விருப்பம் என்று பெண் சொல்ல வேண்டும். பிறகு அண்ணன் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுப்பான். நல்ல அண்ணனாக இருந்தால் ஆட்டுக்கறியும் வாங்கிக் கொடுப்பான்.

ரோசாந்தாவின் துணிப்பை கதவோரத்தில், வந்த அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. வயல் வேலைக்கு அவள் அம்மாவின் பழைய பாவாடையை எடுத்து உடுத்தியிருந்தாள். புல் வாரும் வாருகோலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள்.

*

வெயில் அடிக்கிற நாளில் சாலையோரப் புல்வெளியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மேடு பள்ளம் இல்லாத ஒரே நிலம் அவர்களுக்கு அதுதான். பாக்கியெல்லாம் கல்லுக்கு நடுவே புல். தலைநகர் பொத்கோரிட்சாவிலிருந்து வார விடுமுறைக்கு வருகிறவர்கள் காரை நிறுத்தி, இது யாருடையது என்று கேட்காமல் போவதில்லை. பாதிப் பள்ளத்தாக்கில் இப்போது சிவப்புத் தகரக் கூரைகள்தான். ஒப்ராத்துக்கும் அந்த இடத்தில் ஒரு கனவு இருந்தது: மலையேற வருகிறவர்களுக்கு இரண்டு மரக்குடில்கள், ஒரு பெயர்ப்பலகை, கணப்பு அடுப்பு. புல்லும் வரும், காசும் வரும்.

முந்தாநாள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நீள அரிவாளால் அறுத்துப் போட்டிருந்தார்கள். இன்று வாரிக் கூட்டிப் போர் போட்டாக வேண்டும். ரோசாந்தா கீழ் ஓரத்திலிருந்து வாரத் தொடங்கினாள், ஒப்ராத் மேல் ஓரத்திலிருந்து. வெட்டுக்கிளிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

அவளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு தலைமுறை பின்னால் போனால் அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவரே கிடையாது. பத்தொன்பதில் நிக்ஷிச் நகரத்துக்குப் போய் ஆங்கிலப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம், கிழங்கு தோண்டும் நாளில், அப்பா மூட்டைகளுக்கு நடுவே விழுந்தார். வலது பக்கம் செத்துப் போயிற்று. ஒப்ராத் காரை எடுத்துக்கொண்டு வந்து விடுதிக்குக் கீழே நின்றான். கையில் தொப்பி.

"ஒரு குளிர்காலம் மட்டும் ரோசா. பனி உருகுனதும் நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

பனி ஐந்து முறை உருகியது. ஒரு வசந்தத்தில் ஆடுகள் குட்டி போட்டன. அடுத்ததில் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்தது. அதற்கடுத்ததில் கொட்டகைக் கூரை பனியில் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அநியாயமாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள், கஞ்சி ஊட்டினாள், கோணிய வாயைத் துடைத்தாள். அவருக்குப் பெயர்கள் எல்லாம் மறந்து போய்விட்டன. "மகனே" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. எங்கள் பக்கத்தில் பெற்றவர்களுக்குப் பாசம் மேலிட்டால் பெண்ணையும் மகனே என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

நடுவில் ஒரு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர் பிரசவத்துக்குப் போனாள். ஆள் கிடைக்காமல் ரோசாந்தாவைக் கூப்பிட்டார்கள். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். பனியில் நடந்து போய், அடுப்பு மூட்டி, பிள்ளைகளின் காலுறைகளை அடுப்பின் மேல் காயப் போட்டுவிட்டுப் பாடம் நடத்துவாள். கோடையில் அந்தப் பிள்ளைகள் சுற்றுலாக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வழி சொன்னார்கள். ஊரே அசந்து போயிற்று. மறு வருடம் பட்டம் வாங்கிய ஒருத்தி வந்தாள். "நீ கெட்டிக்காரிதான், ஆனா காகிதம் வேணுமே" என்று தலைமை ஆசிரியர் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அப்பா கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவள் கடற்கரைக்கு இறங்கினாள். புத்வாவில் விடுதி அறைகள் கூட்டுகிற வேலை. கோடையில் படுக்கை விரிப்பு, குளிர்காலத்தில் பரீட்சை. மீண்டும் சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு பாடமாகக் கடித்துத் தின்றாள். இப்போது கடைசி வருடம் மட்டும் பாக்கி. அந்த வருடத்தில்தான் கஷ்டம்: பள்ளிக்கூடத்தில் நின்று பயிற்சி எடுக்க வேண்டும், வருடம் முழுக்க நிக்ஷிச்சில் இருக்க வேண்டும், வேலைக்குப் போக முடியாது. பழைய பாடத்திட்டத்தை வேறு மூடுகிறார்கள். இந்தச் செப்டம்பரில் சேராவிட்டால் தேறிய பாடங்கள் எல்லாம் மண்.

அப்பா மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். கருப்பு விளிம்பு போட்ட இரங்கல் தாளை மரத்துக்கு மரம் ஒட்டினார்கள். துயருறும் மகன் ஒப்ராத் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே மனைவி, மகள், மற்றும் உறவினர்கள்.

*

மதியத்துக்கு முன்னால் வுக்சான் வந்தான். பக்கத்து வீடு. ஒப்ராத் போன வாரம் அவனுக்கு அறுத்துக் கொடுத்த நாளைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். எங்கள் மேட்டில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர்.

"என்ன, அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு மூலையில வார்றீங்க? நடுவுல எல்லைக்கல்லு நட்டாச்சா?"

விளையாட்டுக்குச் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

போருக்கு நடுக்கம்பம் நட்டு, அதைச் சுற்றி முள்கிளை பரப்பி அடி போட்டார்கள். அம்மாவுக்கு இடுப்புப் போனதிலிருந்து போர் மிதிப்பது ரோசாந்தாவின் வேலை. கீழேயிருந்து ஆண்கள் கவைக்கோலால் புல்லைக் குத்தித் தூக்கிக் கொடுப்பார்கள். மேலே நிற்பவள் அதை வாங்கி, ஓரம் கட்டி, நடுவில் மேடு வைத்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி மிதிப்பாள். நடுவு பள்ளமானால் மழை உள்ளே இறங்கிப் புல் முழுக்க அழுகிவிடும். ஏறினால் முடிகிறவரை இறங்க முடியாது.

போர் இடுப்பளவு வந்தபோது ஒப்ராத் ஆரம்பித்தான். கவைக்கோலை ஓங்கிக் குத்தியபடி.

"எதுக்கு உனக்கு இந்த நிலம்? பயிர் வைக்கப் போறியா?"

"விக்கப் போறேன்."

"எவனுக்கு?"

"எவன் வாங்குறானோ அவனுக்கு."

"கேட்டியா வுக்சான்? எங்க தாத்தன் கல்லு பொறுக்கிப் பொறுக்கிக் கையில நகமில்லாமச் செத்த நிலம். அதுல எவனோ வந்து நீச்சல் குளம் வெட்டுவானாம்."

வுக்சான் புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குக் காது மந்தம்ப்பா. நான் புல்லுக்கு வந்தேன்."

"படிப்புக்காகத்தானே?" ஒப்ராத் விடவில்லை. "அந்த இங்கிலீஷ் உனக்குத் தெரியாதா? போன வாரம் மேல் குடிசையில வாடகைக்குத் தங்கி, தண்ணி வரலைன்னு குதிச்ச ஜெர்மன்காரன்கிட்ட போன்ல நீதானே பேசுனே? போகும்போது அம்மாவைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போனான். தெரிஞ்சதையே திரும்ப எதுக்குப் படிக்கணும்? காகிதம் எதுக்கு?"

"உனக்குப் புல்லு அறுக்கத் தெரியும்ல அண்ணே?"

"தெரியாமயா அறுத்தேன்?"

"அப்புறம் நிலத்துக்கு எதுக்குக் காகிதம்? நாளைக்கு எதுக்கு ஷாப்ல்யாக்?"

ஒப்ராத் இன்னும் ஓங்கிப் புல்லைக் குத்தினான். வுக்சான் இருமுவது போலச் சிரித்தான். "போச்சு. அதுக்குப் பதில் எனக்கும் தெரியாது ஒப்ராத்."

"உனக்குத்தான் காது மந்தமாச்சே!"

"அப்பப்போ திறக்கும்."

போர் ஆள் உயரம் தாண்டியது. ரோசாந்தாவின் முழங்கால்வரை புல். கழுத்திலும் மார்பிலும் புல்தூசி அரித்தது. மேலேயிருந்து பார்த்தால் மலை தெரியவில்லை. மேகம் மலையைத் தின்றுவிட்டு அடிவாரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"ஏண்டி," வுக்சான் பேச்சை மாற்றப் பார்த்தான், "ஏதோ ஒரு பாடத்துல மூணு தடவை தோத்தியாமே?"

"பழைய ஆங்கிலம். ஆயிரம் வருசத்துக்கு முந்தி பேசுனது."

"இப்போ எவன் பேசறான்?"

"எவனும் பேசலை."

"அந்த நாட்டுக்காரனே மறந்து தொலைச்சதை நீ எதுக்குடி மெனக்கெட்டு ஞாபகம் வச்சுக்கறே?"

"நாலாம் தடவை தேறிட்டேன்ல? நீ பொண்ணு பார்க்கப் போய் நாலாம் தடவை என்ன ஆச்சு மாமா?"

"கதவைத் திறக்கவே இல்லை," என்றான் வுக்சான் பெருமையாக.

ஒப்ராத்தும் சிரித்துவிட்டான். சிரித்த வேகத்திலேயே அவன் மனதின் அடியில் கிடந்தது வெளியே வந்தது.

"எனக்கு முப்பத்தாறு ஆகுது. இருக்கற நிலத்தையும் ஆட்டையும் பார்த்தே எவனும் பொண்ணு குடுக்கலை. பங்கு பிரிஞ்ச வீட்டுக்கு எவன் குடுப்பான்? கூடப் பிறந்தவளே கோர்ட்டுக்கு இழுத்த வீடுன்னு சொல்லுவான்."

"பங்கு பிரியாத என் வீட்டுக்கு மட்டும் வரிசையில நின்னாளுங்களா?" என்றான் வுக்சான்.

ரோசாந்தா மிதித்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் சொல்வது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்தப் புல் இல்லையென்றால் குளிர்காலத்துக்கு இருபது ஆட்டை விற்க வேண்டும். எந்த இருபது என்றுகூட அவளுக்குத் தெரியும். அவள் பெயர் வைத்த ஆடுகளும் அதில் இருந்தன.

ஒப்ராத் கவைக்கோலை மண்ணில் ஊன்றினான். குரல் இறங்கியிருந்தது.

"சரி. கேளு. படிப்புச் செலவு முழுக்க நான் பார்த்துக்கறேன். பீஸ், வாடகை, சாப்பாடு. ரெண்டு காளைக்கன்னை வித்துடறேன். செப்டம்பர்ல நானே கார்ல கொண்டுபோய் விடறேன். நீ படிச்சு முடி. நாளைக்கு மட்டும் அந்தக் கையெழுத்தைப் போட்டுடு."

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது படிப்பு. அண்ணன் படிப்பைக் கொடுக்கிறான். பிறந்த வீட்டையும் இழக்க வேண்டாம். அம்மாவும் அழ வேண்டாம். போருக்கு மேலேயிருந்து ஒரு சொல் சொன்னால் போதும். வுக்சான்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, ஜனவரியில ஆடு சீக்குல விழுந்தா?"

"என்னது?"

"கொட்டகை இறங்கினா? உனக்குப் பொண்ணு அமைஞ்சு திடீர்னு கல்யாணம் வந்தா? அப்போ வாடகைக்கு நான் யார்கிட்ட கேக்கறது?"

"என்கிட்டதான் கேக்கணும். வேற யார்கிட்ட?"

"அதான் அண்ணே. உன்கிட்டதான் கேக்கணும்."

ஒப்ராத்துக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவனுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. கொடுத்ததை வாங்காமல் நிற்கிறாள், அதுவும் அடுத்த வீட்டுக்காரன் முன்னால். கவைக்கோலை வீசிவிட்டு வேலிப் பக்கம் நடந்தான். முதல் துளி ரோசாந்தாவின் கையில் விழுந்தது. காசு அகலத் துளி.

"மாமா, கொஞ்சம் கோலைப் பிடி. இறங்கிடறேன்."

வுக்சான் ஒரு அடி பின்னால் வைத்தான். "நான் இறக்கி விட்டா நான் உன் பக்கம் ஆயிருவேன்டி. ஊர் அப்படித்தான் பேசும். குளிர்காலம் முழுக்க நான் அவன்கூடத்தான் சீட்டாடணும்."

அவள் போருக்கு மேலே நின்றாள். உச்சி இன்னும் மூடவில்லை. கீழே ஒரு குவியல் புல் கிடந்தது. வேலியோரம் ஒப்ராத் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இடி ஒன்று மலைக்குப் பின்னால் உருண்டது.

அவன் திரும்பி வந்தான். அவளுக்காக இல்லை. உச்சி மூடாத போரை மழையில் விட்டுவிட்டு நிற்க அந்த மேட்டில் பிறந்தவன் எவனாலும் முடியாது. ஒன்றும் பேசாமல் கவைக்கோலை எடுத்தான். பெரிய பெரிய கட்டாகக் குத்தி மேலே எறிந்தான். அவள் வாங்கி வாங்கிக் கூம்பு கட்டினாள். "இடது பக்கம்" என்றான். "தெரியுது" என்றாள். கடைசியில் முறுக்கிய கிளைகளை ஜோடி ஜோடியாகக் கட்டி மேலே எறிந்தான். அவள் கம்பத்தின் நுனியில் மாட்டி நான்கு பக்கமும் தொங்க விட்டாள். காற்றுக்கு இனி அசையாது.

பிறகு அவன் கவைக்கோலின் பற்களைப் போரில் குத்தி, காம்பைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். "இறங்கு."

அவள் சறுக்கி வந்து காம்பில் கால் வைத்தாள். அவன் கையை விட்டுவிடுவானோ என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லா மிதிச்சிருக்கே," என்றான், போரை அண்ணாந்து பார்த்து. வாய் தவறி வந்த சொல். மழை பிடித்துக்கொண்டது.

*

சாயங்காலம் பால் காய்ச்சி அகலமான மரத்தட்டுகளில் ஊற்றுகிற வேலை. ஊற்றியபின் தட்டைத் தொடக்கூடாது, மூச்சுக்கூட மேலே படக்கூடாது. அப்போதுதான் பாலாடை கனமாகப் பிடிக்கும். ஒப்ராத் வுக்சான் வீட்டுக்கு ரக்கியா சாராயம் குடிக்கப் போயிருந்தான். கூரையில் மழை இரைந்தது. அம்மா ஊற்ற, ரோசாந்தா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மகனே," என்றாள் அம்மா.

ரோசாந்தாவுக்குத் தெரியும், இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று.

"என் பேரு என்ன?"

"இது என்னம்மா கேள்வி?"

"ஸ்தானா. மூணாவதும் பொண்ணாப் பிறந்ததும் எங்கப்பன் வச்ச பேரு. போதும், இத்தோட நில்லுன்னு. நின்னுச்சு. எனக்கப்புறம் தம்பி பிறந்தான். அவனை நான் இடுப்புல வச்சுத் தூக்கி வளர்த்தேன். அவனுக்கு எழுதிக் குடுக்கும்போது எனக்குக் கை நடுங்கலை. என் சொந்த விருப்பம்னு சத்தமாச் சொன்னேன். ஏன்னு தெரியுமா?"

"ஏன்?"

"பெண்ணுக்கு ஒரு கதவு வேணும். உங்கப்பன் கையை நீட்டுன காலத்துல மூணு தடவை நான் அந்தக் கதவைத் தட்டியிருக்கேன். பனியில, உன்னை வயித்துல வச்சுக்கிட்டு ஒரு தடவை. மூணு தடவையும் எந்தம்பி திறந்தான். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. சூடா சூப்பு குடுத்தான், அவன் கட்டில்ல படுக்க வச்சான். பங்கு வாங்கியிருந்தா திறந்திருப்பானா? என் பங்கைக் குடுத்து நான் அந்தக் கதவை வாங்குனேன்டி."

ரோசாந்தா சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் இருபத்தேழு வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் சொல்லக் கூடாததைச் சொல்லாமலே இருந்துதான் இந்த நிலைமை.

"மூணு தடவையும் மறுநாள் காலையில மாமா உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டுத்தானேம்மா போனாரு?"

அம்மாவின் கை ஆடியது. தட்டில் பால் ஒரு அலை அடித்து விளிம்பைத் தொட்டது. அந்தத் தட்டில் இனிப் பாலாடை பிடிக்காது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "அவன் நல்லவன்."

"யாரு, மாமாவா? அண்ணனா?"

"ரெண்டு பேரும்."

"நல்லவங்கதாம்மா. நான் யாரையும் கெட்டவங்கன்னு சொல்லலை."

"நாளைக்கு அவன் செத்தா? அண்ணன் பொணத்துக்கு முன்னால நின்னு ஒப்பாரி வைக்கற உரிமை கூடப்பிறந்தவளுக்குத்தான். பங்கு வாங்கின வாயால என்ன சொல்லி அழுவே? ஊரு காறித் துப்பாதா?"

"அழறதுக்கு இருக்கற உரிமையைப் பத்திரமா வச்சுக்கணும்னா நான் வாழக்கூடாது. அப்படித்தானே?"

அம்மா கடைசித் தட்டையும் ஊற்றி முடித்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"என் பங்கை நான் அவனுக்குத்தான் எழுதுவேன். இப்பவே சொல்லிடறேன். என்கிட்ட எதிர்பார்க்காதே."

"எழுதும்மா. அது உன் பங்கு."

*

காலையில் மழை விட்டிருந்தது. ஒப்ராத் காரைக் கழுவி நிறுத்தியிருந்தான். அப்பாவின் சாவுக்கு வாங்கிய அதே கோட்டு. முகத்தில் சவரம் செய்த வெட்டு ஒன்று. காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் நின்றான்.

உள்ளே அம்மா கருப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரோசாந்தா அவளுடைய பழைய பாவாடையை மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, கதவோரத்துப் பையை எடுத்தாள். அம்மா பாவாடையைப் பார்த்தாள். பிறகு பையை.

"பையை நீ பிரிக்கவே இல்ல."

"இல்ல."

"வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா?"

"இல்லம்மா. வர்றதுக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்குடி அவன்கிட்டக் கேட்டே? இந்த வீட்டுல, சோத்துச் சட்டிக்கு முன்னால?"

"அவன் வாயால ஒரு தடவை சரின்னு வருமான்னு பார்த்தேன்."

மேசையில் ஈரத்துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா அதைக் கையில் திணிப்பாள். வேண்டாம் வேண்டாம் என்று இவள் தள்ள, அம்மா மறுபடி திணிக்க, வாசல்வரை ஒரு மல்லுக்கட்டு நடக்கும். இன்று அம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. ரோசாந்தா கேட்கவில்லை. அம்மாவின் கைக்குக் கீழேயிருந்து அதை உருவி எடுத்துப் பைக்குள் போட்டாள். அம்மாவின் கை மேசைமேல் அப்படியே இருந்தது.

"சாயங்காலம் எங்க போவே?"

"நிக்ஷிச்சுக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல."

வெளியே வந்தாள். ஒப்ராத் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தான். "ஏறு."

"நான் பஸ்ல வர்றேன் அண்ணே. சொன்ன நேரத்துக்கு அங்க இருப்பேன்."

"ரோசா." கதவைப் பிடித்தபடி கேட்டான். "அந்தப் பத்திர ஆபீசரம்மா கேக்கும்போது என்ன சொல்லப் போறே?"

"கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லுவேன். சொந்த விருப்பமான்னு கேப்பாங்க."

அவன் கதவைச் சாத்தவில்லை. அவள் கடந்து போனாள். நாய் படல்வரை வந்து நின்றுகொண்டது.

சாலைக்குப் போகிற பாதை புல்வெளியின் ஓரமாகத்தான். இரவெல்லாம் மழையில் நின்ற போரிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவள் வேலியைத் தாண்டி, முழங்கைவரை கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மேலே ஒரு விரல் அளவுதான் ஈரம். உள்ளே காய்ந்து, கதகதப்பாக இருந்தது. ஒழுகவில்லை. இந்தக் குளிர்காலத்துக்கு ஆடுகளுக்குக் கவலையில்லை.

கையில் ஒட்டிய புல்லைப் பாவாடையில் துடைக்கப் போனாள். உடுத்தியிருந்தது நகரத்துக் கால்சட்டை. அதிலேயே துடைத்துக்கொண்டு சாலையில் ஏறினாள்.